கீசர் ஒழுகுகிறதா? சேஃப்டி வால்வை மட்டும் அடைத்துவிடாதீர்கள்

"கீசர் ஒழுகுது, வந்து பாருங்க" என்று போன் வந்தால், கரண்டை நிறுத்திவிட்டீர்களா என்றுதான் முதலில் கேட்பேன். "இல்லைங்க, கீழே பக்கெட் வைத்திருக்கிறோம்" என்பார்கள் பலர். எனக்குப் பயமே அங்கேதான். சுவரில் நிற்கும் கீசரில், தண்ணீரைச் சூடாக்கும் 2000 வாட் எலிமென்ட்டின் வயர் இணைப்புகள் பெரும்பாலும் அடிமூடிக்குள் இருக்கும். ஒழுகும் தண்ணீரும் அங்கேதான் வந்து சேரும். எர்த் சரியில்லாத வீட்டில் குழாயைத் தொட்டாலே ஷாக் அடிக்கலாம்.

ஈரக் கையோடு பாத்ரூம் சுவிட்சைத் தொடாதீர்கள். வெளியே போர்டில் கீசருக்கான எம்.சி.பி.யை, அதாவது கரண்ட் அளவு மீறினால் தானே விழும் சுவிட்சை, இறக்குங்கள். எது என்று தெரியாவிட்டால் வீட்டு மெயினையே நிறுத்துங்கள். அப்புறம் கீசருக்குப் போகும் தண்ணீரை அடையுங்கள். பக்கத்தில் வால்வு இல்லையென்றால் மொட்டை மாடி கேட் வால்வை மூடலாம். கீசர் டேங்கில் இருக்கும் தண்ணீர் ஆற நேரம் கொடுங்கள். 60 டிகிரித் தண்ணீர் சில நொடிகளிலேயே தோலைப் பொசுக்கிவிடும்.

எம்.சி.பி. இருக்கிறதே என்று நிம்மதியாக இருக்க முடியாது. அது 16 அல்லது 20 ஆம்பியர் தாண்டினால் வயரைக் காப்பாற்றும். ஆள் உயிருக்கு அதைவிடப் பல மடங்கு குறைந்த கரண்டே போதும். ஆளைக் காப்பாற்றுவது, கரண்ட் கசிந்தால் தானே விழும் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. கீசர் போட்டதும் அது விழுகிறது என்று சொல்லி, அதை பைபாஸ் செய்து கொடுக்கும் எலக்ட்ரீஷியன்களும் இருக்கிறார்கள். தயவுசெய்து அதற்குச் சம்மதிக்காதீர்கள். எங்கோ கரண்ட் கசிவதால்தான் அது விழுகிறது.

இனி, எங்கே ஒழுகுகிறது? ஹோஸ் குழாய் மூட்டில் என்றால் வாஷர், டெஃப்லான் டேப்போடு முடிந்துவிடும். எலிமென்ட் காஸ்கெட்டில் (எலிமென்ட் பொருந்தும் இடத்து ரப்பர் வளையத்தில்) என்றால் மெக்கானிக் கழற்றி மாற்றவேண்டும். டேங்கே துருப்பிடித்து ஓட்டையாகியிருந்தால் எம்-சீல் ஒட்டியோ வெல்டிங் வைத்தோ காலம் தள்ளாதீர்கள், புதிது வாங்குங்கள். வாடகை வீடாக இருந்தால் ஓனரிடம் சொல்லத் தயங்கவே வேண்டாம்.

நான் அதிகம் கவலைப்படுவது சேஃப்டி வால்வைப் பற்றித்தான். குளிர்ந்த தண்ணீர் நுழையும் இடத்தில் இருக்கும் சின்னப் பித்தளைச் சாமான் அது. 25 டிகிரித் தண்ணீர் 75 டிகிரிக்குச் சூடானால் ஏறக்குறைய 2 சதவீதம் விரியும். 15 லிட்டர் கீசர் என்றால் சுமார் 300 மில்லி. வந்த வழியே திரும்பிப் போக வால்வு விடாது. அதனால் அந்தக் கூடுதல் தண்ணீர் வால்வின் பக்கவாட்டு வாயில் சொட்டும். சூடாகும்போது சொட்டி, பிறகு நின்றுவிட்டால் அது கோளாறே இல்லை. நாள் முழுக்கச் சொட்டினால் வால்வில் மண்ணோ உப்போ சிக்கியிருக்கலாம், அல்லது பிரஷர் பம்ப்பின் அழுத்தம் அதிகமாக இருக்கலாம்.

இந்தச் சொட்டு பிடிக்காமல் அந்த வாயை எம்-சீல் வைத்தோ மூடி போட்டோ அடைத்துவிடுகிறார்கள். வீட்டுக்காரர் கேட்டார் என்று பிளம்பரே அடைத்ததையும் பார்த்திருக்கிறேன். இப்போது சூட்டைக் கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட்டும், சூடு மீறினால் கரண்டைத் துண்டிக்கும் கட்-அவுட்டும் சேர்ந்து பழுதானால், தண்ணீர் 100 டிகிரி தாண்டியும் கொதிக்காமல் அழுத்தத்தில் அடைபட்டு நிற்கும். டேங்க் பிளந்தால் அதில் ஒரு பகுதி அந்த நொடியே ஆவியாகும். ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியானால் ஆயிரத்து அறுநூறு லிட்டருக்கு மேல் இடம் கேட்கும். பாத்ரூம் சுவர் அதைத் தாங்காது. சொட்டு தொல்லையாக இருந்தால் ஒரு சின்னக் குழாய் மாட்டித் தரை வடிகாலுக்கு விடுங்கள். அதன் முனை திறந்தே இருக்கட்டும். வெந்நீர்க் குழாயில் ஆவி சீறினால், வெளியிலிருந்தே கரண்டை நிறுத்திவிட்டுத் தள்ளி நில்லுங்கள். எதையும் திருகாதீர்கள்.

போர் தண்ணீர் வீடுகளில் கவனம் இன்னும் கூடுதலாக வேண்டும். டேங்குக்குள் இருக்கும் மெக்னீசியம் கம்பி, இரும்புக்குப் பதிலாகத் தான் கரைந்து டேங்கைக் காக்கிறது. உப்புத் தண்ணீரில் அது சீக்கிரம் தீர்ந்துபோகும். வருடம் ஒருமுறை சர்வீஸ் செய்யும்போது கம்பியைக் கழற்றிக் காட்டச் சொல்லுங்கள். வெந்நீர் மட்டும் செம்மண் நிறத்தில் வந்தால் வருடம் முடியக் காத்திருக்க வேண்டாம்.

ரிப்பேர் முடிந்ததும் உடனே சுவிட்ச் போட்டுவிடாதீர்கள். வெந்நீர்க் குழாயைத் திறந்து வையுங்கள். காற்று எல்லாம் போய், தண்ணீர் விட்டுவிட்டு வராமல் ஒரே சீராக வந்த பிறகுதான் கரண்ட் கொடுக்கவேண்டும்.