சகுனி இல்லாத பகடை

குடியாத்தத்தில் இருந்து ஒருவர் தன் அக்கா மகனை அழைத்துக்கொண்டு வந்திருந்தார். பையனுக்கு இருபத்து நான்கு வயது, ஆம்பூர் பக்கம் ஒரு ஷூ கம்பெனியில் வேலை. (ஆளை அடையாளம் காட்டும் விவரங்களை மாற்றித்தான் எழுதுகிறேன்.) தங்கை கல்யாணத்துக்கென்று அம்மா கட்டிவந்த ஏலச்சீட்டை எடுத்த பணம் 80,000 ரூபாய். அது அவன் போன் வழியாகப் போய்விட்டது.

ரம்மியா என்று கேட்டேன். காட்பாடியில் மனநல ஆலோசகராக உட்கார்ந்திருக்கும் எனக்கு அதுதான் பழகிய கதை.

"இல்ல மேடம், கிராப்ஸ்" என்றான்.

மாமாவுக்கு அந்தப் பெயர் வாயில் நுழையவில்லை. "இன்னாவோ பகடையாம் மேடம். கேட்டா அதுல கணக்கு கீது, உனுக்குப் புரியாதுன்றான். தருமராஜா கதைதான் எங்க வூட்ல."

பாரதக் கூத்தில் பகடை உருட்டும் இரவை விடிய விடிய பார்த்து வளர்ந்த மண் இது. பையனும் பார்த்திருக்கிறான். அவன் பதில் தயாராக இருந்தது: "அது சகுனி பகடை மாமா, கள்ளத்தனம். இது நேர்மையான பகடை. ரூல் தெரிஞ்சா ஜெயிக்கலாம்."

அவன் சொன்னதில் பாதி உண்மை. பகடை நேர்மையானது என்றே வைத்துக்கொள்வோம். அப்படியும் பணம் ஏன் ஒரே பக்கம் போகிறது? இதற்கு ஆட்டத்தின் கட்டங்களைப் புரிந்துகொள்ள வேண்டும். "சூதாடாதே" என்று சொல்லி அனுப்பிவிட்டால் இந்த மாதிரிப் பையன்கள் காதில் ஏறாது. விதி தெரிந்தவன் என்ற கர்வம்தான் அவர்களுடைய நோயில் பாதி.

தாயம் ஆடியவர்களுக்கு கிராப்ஸின் அமைப்பு சட்டென்று பிடிபடும். தாயம் விழாமல் காய் இறங்காது, இறங்கிய பிறகு ஆட்டமே வேறு. கிராப்ஸிலும் அப்படி இரண்டு கட்டம். ஆறு முகப் பகடை இரண்டு, உருட்டுபவருக்கு ஷூட்டர் என்று பெயர். அடிப்படைப் பந்தயம் பாஸ் லைன். பணத்தை அந்தக் கோட்டில் வைத்தபின் விழும் முதல் உருட்டல், கம்-அவுட். கூட்டுத்தொகை 7 அல்லது 11 வந்தால் உடனே ஜெயிப்பு, வைத்த பணத்துக்குச் சமமான பணம் கிடைக்கும். 2, 3, 12 வந்தால் உடனே தோல்வி. இந்த மூன்றுக்கும்தான் கிராப்ஸ் என்று பெயர், ஆட்டத்துக்கும் அதே பெயர் ஒட்டிக்கொண்டது. மிச்சம் இருக்கும் 4, 5, 6, 8, 9, 10 ஆகியவற்றில் ஒன்று விழுந்தால் அதுதான் பாயிண்ட். மேசையில் இருக்கும் வட்டச் சில்லை 'ஆஃப்' பக்கத்தில் இருந்து 'ஆன்' பக்கம் திருப்பி, அந்த எண்ணின் மேல் வைப்பார்கள். இரண்டாம் கட்டம் தொடங்கிவிட்டது.

இனி 11, 2, 3, 12 எது விழுந்தாலும் பாஸ் லைனுக்கு ஒன்றும் இல்லை. பாயிண்ட் மறுபடி விழுந்தால் ஜெயிப்பு. அதற்கு முன் 7 விழுந்தால் தோல்வி. அதைச் செவன் அவுட் என்பார்கள், பகடை அடுத்த ஆள் கைக்குப் போகும். ஒரு நிமிடம் முன்பு ஜெயிக்க வைத்த ஏழுதான் இப்போது எதிரி.

இரண்டு பகடையில் மொத்தம் 36 விதமாக விழலாம். அதில் ஏழு மட்டும் ஆறு விதம். 6-க்கும் 8-க்கும் ஐந்தைந்து, 5-க்கும் 9-க்கும் நான்கு, 4-க்கும் 10-க்கும் மூன்று. ஏழைவிட அடிக்கடி விழும் எண் ஒன்றுகூட இல்லை. இரண்டாம் கட்டத்தில் உங்கள் எண் எதுவாக இருந்தாலும் ஏழு முந்தத்தான் வாய்ப்பு அதிகம்.

இதைச் சொன்னால் போதாது, காட்டிவிடலாம் என்று நினைத்தேன். இரண்டாம் சந்திப்புக்கு லாங்கு பஜாரில் இரண்டு பிளாஸ்டிக் பகடை வாங்கி வைத்திருந்தேன். சில்லுக்குப் பதில் ஒரு பாட்டில் மூடி, பணத்துக்குப் பதில் ஒரு டப்பாவில் புளியங்கொட்டை. அவனுக்கு நூறு கொட்டை எண்ணிக் கொடுத்து, சுற்றுக்கு ஐந்து என்று நாற்பது சுற்று ஆடினோம். மாமா பெஞ்சில் உட்கார்ந்து குறித்துக்கொண்டே வந்தார். என்ன ஆயிற்று தெரியுமா? 22 சுற்று ஜெயித்து, 18 தோற்று, 120 கொட்டையோடு எழுந்தான். "பாத்தீங்களா மேடம்?" என்று ஒரு சிரிப்பு வேறு. எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

நாற்பது சுற்றில் இப்படி நடப்பது சகஜம். அவனை உள்ளே இழுத்ததும் இதுதான். முதல் வாரம் 3,000 ரூபாய் வந்திருக்கிறது. 2009-இல் அமெரிக்காவின் அட்லாண்டிக் சிட்டியில் ஒரு பெண், செவன் அவுட் ஆவதற்கு முன் 154 முறை உருட்டினார். அப்படியும் நடக்கும். அந்தச் செய்தியை அவன் போனில் சேமித்தே வைத்திருந்தான்.

சரி, பகடை காட்டிக்கொடுக்காததைத் தாள் காட்டட்டும் என்று பேனாவை எடுத்தேன். சுற்றுக்கு 100 ரூபாய் வீதம் 1,980 சுற்று ஆடுவதாக வைத்துக்கொள்வோம் (பின்னம் வராமல் கணக்கு முழுசாக வரும் என்பதால் இந்த எண்). சராசரியாக என்ன நடக்கும்? கம்-அவுட்டிலேயே 440 சுற்று ஜெயிப்பு, 220 சுற்று தோல்வி. முதல் கட்டத்தில் நீங்கள் 220 சுற்று முன்னால் நிற்கிறீர்கள். மிச்சம் 1,320 சுற்று பாயிண்டுக்குப் போகும். அதில் 536 ஜெயிப்பு, 784 தோல்வி. இரண்டாம் கட்டத்தில் 248 சுற்று பின்னால். கூட்டிக் கழித்தால் மொத்தத்தில் 28 சுற்று நஷ்டம், அதாவது 2,800 ரூபாய். போட்ட பணத்தில் சுமார் 1.41 சதவீதம். கேசினோ சம்பாதிப்பது இவ்வளவுதான், பாஸ் லைனில்.

பையன் அந்தத் தாளை ரொம்ப நேரம் பார்த்தான். முதல் கட்டம் நமக்குச் சாதகம் என்று அவன் கண்டுபிடித்தது நிஜம். எட்டு விதத்தில் ஜெயிப்பு, நான்கு விதத்தில் தோல்வி. அந்த ருசியைக் கொடுத்து மேசையில் உட்கார வைத்துவிட்டு, பாயிண்ட் கட்டத்தில் திருப்பி எடுத்துக்கொள்ளும் அமைப்பு இது. எல்லாம் விதியில் எழுதியிருக்கிறது, சகுனிக்கு இங்கே வேலையே இல்லை.

இன்னொன்றும் சொன்னேன். அது அவனுக்குத் தெரியாது. பாயிண்ட் விழுந்தபின் பாஸ் லைனில் வைத்த பணத்தை நீங்கள் திரும்ப எடுக்க முடியாது. ஆனால் எதிர்ப்பக்கம் கட்டும் டோன்ட் பாஸ் பணத்தை எடுத்துக்கொள்ளலாம், யாரும் தடுக்க மாட்டார்கள். ஏன்? அந்த நிமிடத்தில் டோன்ட் பாஸ் கட்டியவருக்குத்தான் சாதகம். அவர் விலகினால் கேசினோவுக்கு லாபம். (முதல் உருட்டலில் 12 விழுந்தால் டோன்ட் பாஸுக்கு ஜெயிப்பும் இல்லை, தோல்வியும் இல்லை. அந்த ஒரே எண்ணால் அதிலும் நஷ்டம் சுமார் 1.36 சதவீதம்.) எந்தக் கதவைப் பூட்டி எதைத் திறந்து வைத்திருக்கிறார்கள் என்று பார்த்தாலே, பணம் எந்தப் பக்கம் போகிறது என்று தெரிந்துவிடும்.

மாமா கேட்டார்: "அப்போ நூத்துக்கு ஒண்ணரை ரூவாகூட இல்ல. எண்பதாயிரம் எப்பிடிப் போச்சு?"

நல்ல கேள்வி. பதில் அவன் செல்போன் கணக்கில் இருந்தது. பாஸ் லைனில் மட்டும் யாரும் உட்கார்ந்திருப்பதில்லை. இரண்டாம் கட்டத்தில் பாயிண்டுக்காகக் காத்திருக்கும் நேரம் இருக்கிறதே, அங்கேதான் பக்கப் பந்தயங்கள் கண்ணைச் சிமிட்டும். அடுத்த உருட்டல் ஏழுதான் என்று கட்டினால் ஒன்றுக்கு நான்கு தருவார்கள். நியாயப்படி ஐந்து தர வேண்டும். 36 உருட்டலுக்கு நூறு நூறாகக் கட்டினால் 3,600 போட்டு, ஜெயிக்கும்போது வைத்த நூறும் சேர்த்து 3,000 திரும்பும். நூற்றுக்குப் பதினாறு ரூபாய்க்கு மேல் காலி. ஏழு விழுவதற்கு முன் எட்டு வரும், அதுவும் நாலு-நாலாகத்தான் வரும் என்று கட்டும் ஹார்ட் எய்ட்டுக்கு ஒன்பது மடங்கு, நியாயமோ பத்து. இதில் சுமார் 9 சதவீதம் போகும். அவன் கட்டியதில் பெரும்பகுதி இந்த இரண்டில். மூன்றாம் சந்திப்பில் அவன் வழக்கமாக ஆடும் விதத்திலேயே புளியங்கொட்டையை வைத்து ஆடச் சொன்னேன். அரை மணி நேரத்தில் டப்பாவில் 38 கொட்டைதான் மிச்சம். இந்தத் தடவை சிரிக்கவில்லை.

பாயிண்ட் விழுந்தபின் பாஸ் லைனோடு கூடுதலாக வைக்கும் ஆட்ஸ் பந்தயத்தில் கேசினோவுக்கு லாபமே இல்லையே என்று விஷயம் தெரிந்தவர்கள் கேட்பார்கள். உண்மைதான், அதற்கு நியாய விலை கொடுக்கிறார்கள். ஆனால் பாஸ் லைன் கட்டாமல் அதைக் கட்ட முடியாது. கட்டினால் மேசையில் இருக்கும் உங்கள் பணம் பல மடங்காகும், ஒரே ஏழு எல்லாவற்றையும் வாரிக்கொண்டு போகும். என் அறைக்கு வருபவர்களுக்கு இதை நான் சிபாரிசு செய்வதில்லை.

பகடை ஆடும்போது ஒன்றைக் கவனித்தேன். எட்டு வேண்டுமென்றால் கையைக் குலுக்கி ஓங்கிப் போட்டான், நாலு வேண்டுமென்றால் மெதுவாக உருட்டினான். அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் டாக்ஸி ஓட்டுநர்கள் கிராப்ஸ் ஆடுவதைக் கவனித்து ஜேம்ஸ் ஹென்ஸ்லின் என்ற சமூகவியலாளர் 1967-இல் எழுதியது இதைத்தான். பெரிய எண்ணுக்கு வேகம், சின்ன எண்ணுக்கு மென்மை. போன் ஆட்டத்தில் உருட்டக் கையே கிடையாது, அங்கே என்ன செய்வாய் என்றேன். "திரைய மெதுவா தொடுவேன் மேடம்" என்றான் வெட்கத்தோடு.

போனில் ஆடுவதில் இன்னொரு ஆபத்து வேகம். மேசையில் சில்லை நகர்த்த, பணம் எண்ணிக் கொடுக்க, பகடை கை மாற நேரம் பிடிக்கும். போனில் முந்தைய பந்தயத்தையே மறுபடி வைக்க ஒரு பொத்தான் போதும். அவன் கணக்கில் பெரிய தொகைகள் எல்லாம் இரவு பதினொன்றுக்கும் இரண்டுக்கும் நடுவே. விட்டதைப் பிடிக்கத் துரத்தியது. ஒருவர் பொழுதுபோக்கைத் தாண்டிவிட்டார் என்பதற்கு நான் முதலில் தேடும் அடையாளம் இதுதான், தொகை அப்புறம். அமெரிக்க மனநல மருத்துவச் சங்கம் 2013-இல் வெளியிட்ட வகைப்பாட்டில் சூதாட்டக் கோளாறைப் போதைப் பழக்கங்களோடு சேர்த்ததும் காரணமில்லாமல் இல்லை.

சட்டத்தையும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கோவாவிலும் சிக்கிமிலும் அனுமதி பெற்ற கேசினோ உண்டு, தமிழ்நாட்டில் கிடையாது. இங்கே இணையச் சூதாட்டத் தடைச் சட்டம் 2023 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தது. ஆடுபவருக்கே மூன்று மாதம் வரை சிறை அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம் அல்லது இரண்டும். 2025 ஆகஸ்டில் பணம் கட்டி ஆடும் இணைய விளையாட்டுகளுக்கு எதிராக மத்திய அரசும் சட்டம் இயற்றியது. அதனால் டெலிகிராமில் லிங்க் அனுப்பி அழைக்கும் ஆட்டங்களில் பகடை நேர்மையானதா என்று கேட்கக்கூட உங்களுக்கு இடமில்லை. "ஜெயித்த" பணம் யாரோ ஏமாந்தவர் பணமாக இருந்தால் உங்கள் வங்கிக் கணக்கும் முடங்கும். ஏமாற்றப்பட்டிருந்தால் உடனே சைபர் குற்ற உதவி எண் 1930-க்குப் பேசுங்கள். மனசுக்கு ஆள் வேண்டுமென்றால் அரசின் மனநல உதவி எண் டெலிமானஸ் 14416, எந்த நேரமும் தமிழில் பேசலாம்.

இந்தப் பையன் வீட்டில் செய்தது எளிமையானது. சம்பளக் கணக்கின் ஏடிஎம் கார்டு மாமாவிடம். போனில் பணம் அனுப்பும் செயலிகள் எல்லாம் நீக்கம். இரவு பத்துக்கு மேல் போன் அம்மா தலைமாட்டில். திட்டுவதை நிறுத்தச் சொன்னேன், மாமாவுக்கு அதுதான் கஷ்டமாக இருந்தது. போன பணத்தைத் தானே கொடுத்துவிடலாமா என்று கேட்ட மாமாவிடம் வேண்டாம் என்றேன். மாதம் 4,000 ரூபாய் அவனே அம்மா கையில் கொடுக்கிறான். இருபது மாதக் கணக்கு, இது மூன்றாவது மாதம்.