மரம் நிற்கும், கட்டர் சுழலும்: அலங்காரக் கடைசலுக்கு லேத் வாங்குமுன்

செங்கோட்டை, தென்காசி, அம்பாசமுத்திரம் பக்கத்துக் கடைசல் பட்டறைகளுக்குக் கைபேசியில் ஒரு மரச்சிமிழின் படத்தோடு ஆட்கள் வருகிறார்கள். மூடி முழுக்கத் தாமரை இதழ் அடுக்கியதுபோல வெட்டு, விளிம்பில் கூடை முடைந்த சாயல். "இதைச் செய்ய எந்த லேத் வாங்கலாம்?" என்பதுதான் கேள்வி. பல லட்சம் கொடுத்து வெளிநாட்டு லேத்தை இறக்கிவிட்டு, அதில் இந்தச் சிமிழ் வரவில்லையே என்று திகைப்பவர்களும் உண்டு. லேத்தில் குறை இல்லை. சாதாரணக் கடைசல் ஒரு தொழில், அலங்காரக் கடைசல் இன்னொரு தொழில். விற்பவர்கள் இதைச் சொல்வதில்லை.

கட்டில் கால், தொட்டில் கம்பு, மத்து, சொப்புச் சாமான் எல்லாவற்றிலும் மரம் சுழல்கிறது, உளி நம் கையில் இருக்கிறது. அப்படிச் செய்தால் குறுக்குவெட்டு எப்போதும் வட்டம்தான். அலங்காரக் கடைசலில் மரம் அசையாமல் நிற்கும். சுழலும் சிறிய கட்டர் ஒன்று வந்து ஒரு வெட்டு வெட்டிவிட்டு விலகும். மரத்தை எண்ணிய அளவு திருப்பி, பூட்டி, அடுத்த வெட்டு. இப்படி 24 முறையோ 48 முறையோ சுற்றி வந்தால் ஒரு வரிசைப் பூ. புள்ளி வைத்துக் கோலம் போடுகிறவர்களுக்கு இதன் ருசி சொல்லாமலே புரியும்: எண்ணிக்கை சரியாக இருந்தால் அழகு தானாக வந்து உட்காரும்.

ரோஸ் என்ஜின் என்பது இதற்கு மூத்தது. அதில் மரம் மெதுவாகச் சுழலும். மரத்தைத் தாங்கும் ஹெட் முழுவதும், அலை விளிம்புள்ள ஒரு பித்தளைச் சக்கரத்தின் மேடுபள்ளத்துக்கு ஏற்ப அசைந்து கொடுக்கும். கைக்கடிகார முகப்புகளில் காணும் நெளிகோட்டு வேலை அந்த வழியில் வந்தது. லண்டனில் ஹோல்ட்ஸாப்ஃபெல் குடும்பத்தின் பட்டறை தன் முதல் லேத்தை 1795-இல் விற்றது. அடுத்த நூற்றாண்டு முழுக்க அங்கிருந்து போனவை ஏறத்தாழ 2,500 லேத்கள். மிதித்து ஓட்டும் அந்த இயந்திரங்களில் பல இன்னும் வேலை செய்கின்றன. இன்றைய அலங்காரக் கடைசலின் அளவும் முறையும் பெரும்பாலும் அங்கே தீர்மானமானவை.

இந்தத் தொழிலின் உயிர், மரத்தை எண்ணியபடி திருப்பிப் பூட்ட உதவும் துளைபோட்ட இண்டெக்ஸ் தட்டில் இருக்கிறது. பழைய தட்டுகளில் 96, 112, 120, 144, 192, 360 என்று துளை வரிசைகள் இருக்கும். 96-ஐ 2, 3, 4, 6, 8, 12, 16, 24 எல்லாம் வகுக்கும்; 5 வகுக்காது, அதற்கு 120. ஏழு இதழ்ப் பூ வேண்டுமென்றால் 112, ஒன்பது வேண்டுமென்றால் 144. நவீன மரக்கடைசல் லேத்கள் பலவற்றில் 24 அல்லது 48 நிலைதான் உண்டு. 48-லிருந்து ஐந்திதழ் வராது. ஆகவே வாங்கும்போது குதிரைத்திறனைக் கேட்பதற்கு முன் இண்டெக்ஸ் எண்ணிக்கையைக் கேளுங்கள்.

குறைவாக இருந்தாலும் கவலை இல்லை, தட்டைத் தனியாகச் செய்துகொள்ளலாம். 6 மி.மீ. அலுமினியத் தகட்டில், 190 மி.மீ. விட்ட வட்டத்தில் 96 துளை போட்டால் துளைக்குத் துளை 6.2 மி.மீ. வரும், 3 மி.மீ. துளைக்குத் தாராளமான இடம். தட்டு பெரிதாக இருக்கட்டும். தட்டில் 95 மி.மீ. ஆரத்தில் நேரும் 0.1 மி.மீ. பிழை, 60 மி.மீ. விட்டச் சிமிழின் மேல் 0.03 மி.மீ. ஆகச் சுருங்கிவிடும். சிறிய தட்டில் பெரிய சிமிழ் செய்தால் இதே கணக்கு தலைகீழாகி, பிழை பெருகும்.

பிழைகளில் பெரும்பாலானவை கைத்தவறு அல்ல, எண்ணும் தவறு. ஒரு துளை தப்பினால் கடைசி இதழில்தான் தெரியும். அதற்குள் சிமிழ் போய்விடும். 96-இல் 24 வெட்டு என்றால் 4, 8, 12 என்று எல்லா எண்ணையும் முன்கூட்டியே தாளில் எழுதி, ஒவ்வொரு வெட்டுக்கும் பிறகு அடித்துக்கொண்டே வருவது நல்லது. வெட்டுவதற்கு முன் பென்சிலைக் கட்டரின் இடத்தில் வைத்து ஒரு முழுச் சுற்று குறித்துப் பார்த்தால் இன்னும் நிம்மதி. கட்டரை நகர்த்தும் திருகில் எப்போதும் கொஞ்சம் ஆட்டம் இருக்கும். அளவுக்கு எப்போதும் ஒரே திசையிலிருந்தே வர வேண்டும். தாண்டிப் போய்விட்டால் நன்றாகப் பின்வாங்கி மறுபடி வர வேண்டும்.

ஆழத்தைக் கண்ணால் நிர்ணயிப்பதும் சரிப்படாது. 60 மி.மீ. விட்ட உருளையின் சுற்றளவு 188.5 மி.மீ. அதில் 48 வெட்டு என்றால் ஒவ்வொன்றுக்கும் 3.93 மி.மீ. முனைக்கோணம் 120 பாகை உள்ள வி-கட்டர், உருளையின் வளைவையும் சேர்த்தால், இந்த அகலத்தை ஏறத்தாழ 1.2 மி.மீ. ஆழத்தில் தரும். அந்த ஆழத்தில் பக்கத்து வெட்டுகள் கத்தி விளிம்பாகச் சந்திக்கும். 1 மி.மீ.-இல் நிறுத்தினால் நடுவே தட்டையான கோடு தங்கும், வேலை அரைகுறையாகத் தெரியும். 1.2 மி.மீ.-க்கு மேல் ஆழம் போனால் விளிம்பு தாழ்ந்து, உருளை கொஞ்சம் வட்டம் தவறியிருந்தாலும் ஒரு பக்கம் வரிசை கலையும். அதனால்தான் வெட்டத் தொடங்குமுன் டயல் கேஜ் (நுண்ணிய அசைவையும் ஊசியில் காட்டும் அளவுகருவி) வைத்து உருளை ஆடாமல் சுற்றுகிறதா என்று பார்க்கச் சொல்கிறோம். 0.05 மி.மீ.-க்கு மேல் ஆடினால் திரும்பக் கடைந்துவிடுங்கள்.

வெட்டிய பரப்பில் உப்புத்தாள் போடக் கூடாது. போட்டால் விளிம்பு மழுங்கும், ஒளி போகும். பளபளப்பு கட்டரின் முனையிலிருந்தே வர வேண்டும். சாணைக் கல்லோடு நிறுத்தினால் அந்தக் கீறல்கள் ஒவ்வொரு இதழிலும் பதியும். பழைய முறை: கல்லுக்குப் பிறகு பித்தளைத் தகட்டில் நுண்பொடியும் எண்ணெயும், அதன்பின் வார்ப்பிரும்புத் தகட்டில் மெருகுப்பொடி. முகம் கண்ணாடிபோல் ஆகும்வரை தீட்ட வேண்டும். கட்டர் நிமிடத்துக்கு 3,000 முதல் 6,000 சுற்று ஓடட்டும். கை மெதுவாக நகரட்டும். ஓரிடத்தில் நின்றால் மரம் கருகும்.

இனி லேத்தின் விலைக்கு வருவோம். பவர்மேட்டிக், ஒன்வே, விக்மார்க் போன்ற வெளிநாட்டு லேத்களில் கொடுக்கும் பணம் எங்கே போகிறது? எடைக்கும், மரத்தைச் சுழற்றும் அச்சான ஸ்பின்டிலுக்கும், பேரிங்குக்கும். முந்நூறு கிலோவுக்கு மேலான வார்ப்பிரும்பு, சமன் இல்லாத பச்சைப் பலாத் துண்டைச் சுற்றினாலும் நடனமாடாது. பெரிய கிண்ணம் கடைபவருக்கு அது நியாயமான செலவு. சிமிழ் மட்டும் செய்பவருக்கு 2 எச்பி மோட்டார் சும்மா நிற்கும், ஏனென்றால் வெட்டும்போது மரம் சுழலவே போவதில்லை. அவருக்கு வேண்டியது ஆட்டமில்லாத ஸ்பின்டில், நேரான பெட் (லேத்தின் நீளமான அடித்தளம்), திடமான கட்டர் தாங்கி. டயல் கேஜை ஸ்பின்டில் மூக்கில் வைத்துக் கையால் சுற்றிப் பாருங்கள், ஊசி 0.02 மி.மீ.-க்குள் நின்றால் பழைய லேத்தானாலும் வாங்கலாம்.

தட்டின் துளையில் செருகும் இண்டெக்ஸ் ஊசியைப் பூட்டியபடி மோட்டாரைப் போடுவது அடிக்கடி நடக்கும் விபத்து. ஊசி வளையும், துளை நீளும், பெல்ட் எரியும். அலங்கார வேலை தொடங்குமுன் பெல்ட்டைக் கழற்றிவிடுங்கள். மரத்தைப் பிடிக்கும் சக் இறுகிவிட்டால் அதைக் கழற்ற இண்டெக்ஸ் ஊசியைப் பிடிப்பாக்குவதும் அதே கெடுதலைச் செய்யும். வேகத்தைத் திருகிக் குறைக்கும் விஎஃப்டி டிரைவ் உள்ளவர்கள், கனமான வேலைக்குக் குமிழைத் திருகுவதோடு நிறுத்தாமல் பெல்ட்டையும் குறைந்த வேகப் புல்லிக்கு மாற்ற வேண்டும். குறைந்த சுற்றில் மோட்டாரின் சொந்த விசிறியும் மெதுவாகி, சுருள் சூடேறிப் போகும்.

மரம் சுழலும் வேலையில் அபாயம் வேகம். அங்குலத்தில் விட்டத்தையும் நிமிடத்துக்கான சுற்று எண்ணையும் பெருக்கினால் 6,000-க்கும் 9,000-க்கும் இடையில் வரட்டும் என்பது கடைசல்காரர்கள் பின்பற்றும் கணக்கு. பத்து அங்குலக் கிண்ணத்துக்கு 600 முதல் 900. முந்தைய வேலையின் 3,000-ஐ மாற்ற மறந்து சுவிட்சைப் போட்டால் அதன் விளிம்பு மணிக்கு 140 கி.மீ.-க்கு மேல் பறக்கும். முகக்கவசம் அவசியம். தோளில் துண்டு, தொங்கும் கைலி முனை, கையுறை மூன்றும் கூடாது. மரத்தூளைப் புற்றுநோய் உண்டாக்கும் பொருளாக 1995-இலேயே பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை வகைப்படுத்திவிட்டது. துணியைக் கட்டிக்கொண்டால் நுண்தூள் நிற்காது, நுண்தூள் வடிகட்டும் முகமூடியே வேண்டும்.

மரத் தேர்வில் நம் கேரள எல்லைப்பகுதி கொடுத்துவைத்தது. ஆனால் மலிவாகக் கிடைக்கிறதே என்று ரப்பர் மரத்தில் இதழ் வெட்டாதீர்கள். துளை பெரிது, விளிம்பு பொரிந்து உதிரும். பொம்மைக்கும் பயிற்சிக்கும் அது போதும். வெட்பாலையும் மஞ்சள் கடம்பும் நார் நெருக்கமானவை, விளிம்பு நிற்கும். கொய்யாவும் புளிய வைரமும் அருமை, ஆனால் அவசரப்பட்டு உலர்த்தினால் வெடிக்கும். இரு முனையிலும் மெழுகு பூசி நிழலில் காத்திருக்க வேண்டும். பழைய கடைசல்காரர்கள் விரும்பிய ஆப்பிரிக்கக் கருமரம் ஈட்டி மரத்தின் இனம். அந்த இனம் முழுவதும் 2017 முதல் பன்னாட்டு வணிகக் கட்டுப்பாட்டில் இருக்கிறது. யானைத் தந்தம் இங்கே முற்றிலும் தடை. ஈட்டி வாங்கினால் ரசீதும் வனத்துறை அனுமதியும் கையில் இருக்கட்டும். கருங்காலி என்று சாயமேற்றிய மரம் நிறைய வருகிறது. ஓரத்தில் நகவுளியால் ஒரு சுருள் எடுத்துப் பார்த்தால் உள்நிறம் சொல்லிவிடும்.

குற்றாலச் சாரல் மாதங்களில் மரம் ஈரம் குடித்துப் பருக்கும். கோடையில் இறுக்கமாகப் பொருத்திய மூடி ஆடியில் திறக்காது. ஆடியில் பொருத்தியது கோடையில் கழன்று விழும். முதலில் 3 மி.மீ. கூடுதலாக உள்ளும் புறமும் கடைந்து, மூன்று நான்கு வாரம் பட்டறையிலேயே வைத்து, பிறகு இறுதி அளவுக்கு வந்து, அதற்கப்புறம்தான் வெட்டு வேலை. வார்னிஷ் ஊற்றினால் வெட்டுப் பள்ளங்கள் நிரம்பிவிடும். மெல்லிய தூரிகையில் கொஞ்சம் மெழுகு தொட்டுத் துலக்கினால் போதும். லேத்தின் வார்ப்பிரும்பு பெட்-ஐயும் அந்த மாதங்களில் தினமும் எண்ணெய்த் துணியால் துடைத்துவிட்டுப் பூட்டுங்கள்.