டைத் மேப்: பத்தில் ஒன்று, ஒரு துணி

இங்கிலாந்தில் பழைய காசும் புதையலும் தேடி மெட்டல் டிடெக்டரைத் தூக்கிக்கொண்டு வயல் வயலாக அலைகிறவர்களிடம், இத்தனை வயல்களில் எதில் இறங்குவது என்று எப்படி முடிவு செய்கிறீர்கள் என்று கேட்டால், பதிலில் ஒரு சொல் கட்டாயம் வரும்: டைத் மேப். காதில் 'டைட்' என்று விழுந்து, கடல் ஏறி இறங்குவதைக் காட்டும் படமோ என்று நினைத்துவிடாதீர்கள். கடலுக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. சம்பந்தம் சர்ச்சோடுதான்.

டைத் என்றால் பத்தில் ஒன்று. பழைய ஆங்கிலத்தில் 'பத்தாவது' என்று பொருள்பட்ட சொல்தான் தேய்ந்து தேய்ந்து இப்படி ஆனது. நெல் இல்லாத ஊர் என்பதால் கோதுமைக் கட்டு, வைக்கோல், கம்பளி, பால், பன்றிக்குட்டி என்று எது விளைந்தாலும் பிறந்தாலும் அதில் பத்தில் ஒரு பங்கு அந்தந்த ஊர்த் திருச்சபைக்குப் போக வேண்டியிருந்தது. அதைக் கொட்டி வைக்கவென்றே கட்டிய பெரிய களஞ்சியங்கள் இன்றும் பல ஊர்களில் நிற்கின்றன.

தமிழுக்கு இந்தச் சொல் புதிதல்ல. தமிழ்க் கிறிஸ்தவர்கள் காலங்காலமாகச் சொல்லிவரும் தசமபாகம் இதுவேதான். ஆபிராம் மெல்கிசேதேக்குக்குக் கொடுத்தது தசமபாகம் என்று பழைய வேதாகமத்தில் இருக்கும். கத்தோலிக்கர்களின் புதிய மொழிபெயர்ப்பில் அதுவே 'பத்தில் ஒரு பங்கு'. தசமமும் பாகமும் வடசொற்கள் என்பதால் ஒதுக்க வேண்டும் என்று சிலர் சொல்லலாம். அப்படியானால் நம் உழவர்கள் வாயில் இருக்கும் 'வாரம்' (மேல்வாரம், குடிவாரம், வாரத்துக்கு விடுவது) பொருளில் இன்னும் நெருக்கமாகப் பொருந்தும், விளைச்சலில் பங்கு என்பதுதானே அது. ஆனால் 'பத்திலொரு வாரம்' என்று எழுதினால் இன்றைக்குப் படிக்கிறவர் ஏழு நாள் கணக்குக்குப் போய்விடுவார். அதனால் எனக்குத் தசமபாகமே சரி. பழகிய சொல், சொன்னதும் புரிகிறது.

சரி, இதற்கு எதற்குப் படம்? 1836-இல் ஒரு சட்டம் வந்தது. இனிமேல் கட்டும் குட்டியும் வேண்டாம், பணமாகக் கட்டுங்கள், அந்தத் தொகை கோதுமை, பார்லி, ஓட்ஸ் மூன்றின் ஏழாண்டு சராசரி விலையை ஒட்டி ஏறி இறங்கும் என்றது அது. (மொத்தமாக ஒழித்துக்கட்ட 1936 வரை நூறு வருஷம் ஆனது.) எந்த வயலுக்கு எவ்வளவு என்று பிரிக்க வேண்டுமானால் வயலை அளந்தாக வேண்டுமல்லவா? அடுத்த இருபது வருஷத்துக்குள் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் ஏறக்குறைய முக்கால்வாசி நிலத்துக்குப் படம் வரைந்து தள்ளிவிட்டார்கள். மூன்று சங்கிலி தூரம் ஓர் அங்குலம் என்ற அளவில் வரையச் சொன்னார்கள். சங்கிலி என்றால் 66 அடி, கிரிக்கெட் பிட்ச்சின் நீளம் அதுவேதான். ஆனால் துல்லியமானது என்று அரசு முத்திரை பெற்றவை சுமார் ஆறில் ஒன்றுதான். மற்றதில் கோடு கொஞ்சம் முன்னே பின்னே இருக்கும்.

டிடெக்டர்காரர்களுக்குப் படத்தின் கோடுகளைவிட, அதோடு சேர்ந்து வரும் பதிவேடுதான் முக்கியம். படத்தில் ஒவ்வொரு வயலுக்கும் ஓர் எண். பதிவேட்டில் அந்த எண்ணுக்கு நேரே உரிமையாளர் யார், உழுகிறவர் யார், பரப்பு எவ்வளவு, உழவு நிலமா மேய்ச்சல் நிலமா, அப்புறம் அந்த வயலின் பெயர். ஆமாம், பெரும்பாலான வயல்களுக்குப் பெயர் உண்டு. 'ஃபேர் ஃபீல்ட்' என்றிருந்தால் ஒரு காலத்தில் அங்கே சந்தையோ திருவிழாவோ கூடியிருக்கலாம். கூட்டம், குடி, பேரம் என்றால் நாலு காசு கீழே விழாமலா இருந்திருக்கும்? 'செஸ்டர்' என்ற ஒட்டு இருந்தால் ரோமானியர்களின் கோட்டையைக் குறித்த லத்தீன் சொல்லின் மிச்சமாக இருக்கலாம். 'பிளாக்லேண்ட்ஸ்' என்றால், மக்கள் நெடுங்காலம் அடுப்பெரித்து வாழ்ந்ததால் மண் கறுத்த இடமாக இருக்க வாய்ப்பு உண்டு. எல்லாப் பெயரையும் அப்படியே நம்பவும் கூடாது. 'பாட்டனி பே' என்று ஒரு வயல் இருந்தால் அங்கே கடலும் இல்லை, ஆஸ்திரேலியாவும் இல்லை. ஊரைவிட்டு ரொம்பத் தள்ளி இருந்ததால், கைதிகளைக் கப்பலேற்றி அனுப்பிவைத்த ஆஸ்திரேலியக் கரையின் பெயரைக் கிண்டலாக வைத்திருக்கிறார்கள்.

பிறகு அந்தப் படத்தைப் பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் வந்த ஆர்ட்னன்ஸ் சர்வே (பிரிட்டனின் அரசு நில அளவைத் துறை) படங்களோடும் இன்றைய செயற்கைக்கோள் படத்தோடும் வைத்துப் பார்ப்பார்கள். முன்னே இருந்து இப்போது காணாமல் போன ஒற்றையடிப் பாதை, வேலி தாண்டும் படி, குளம், இடிந்த வீடு, இவைதான் குறி. ஸ்காட்லாந்து தேசிய நூலகத்தின் தளத்தில் பழைய படத்தையும் புதியதையும் ஒன்றன்மேல் ஒன்று வைத்து நகர்த்திப் பார்க்கலாம், நேரம் போவதே தெரியாது. ஆனால் படத்தில் இடம் கிடைத்தால் மட்டும் போதாது. நிலத்துக்காரர் அனுமதி வேண்டும், பாதுகாக்கப்பட்ட தொல்லிடத்தில் தனி அனுமதி இல்லாமல் கருவியைப் பயன்படுத்துவதே குற்றம், சட்டப்படி புதையல் என்று கருதத்தக்கது கிடைத்தால் 14 நாளைக்குள் தகவல் சொல்லியாக வேண்டும். இவ்வளவு படிப்பும் இல்லாமல் அடித்த அதிர்ஷ்டமும் உண்டு. 1992-இல் சஃபோக்கில் ஹாக்ஸ்ன் என்ற ஊரில், தொலைந்த சுத்தியலைத் தேடப் போன எரிக் லாஸ் என்பவருக்குப் பதினையாயிரம் ரோமானியக் காசுகள் கிடைத்தன. சுத்தியலும் கிடைத்தது, அதுவும் இப்போது பிரிட்டிஷ் மியூசியத்தில்.

இனி அந்தச் சொல்லின் இரண்டாம் பாதி: மேப். லத்தீனில் மப்பா என்றால் துணி, கைதுடைக்கும் துண்டு. உலகத்தை வரைந்த துணி 'மப்பா முண்டி' ஆகி, பிற்பாடு துணி நழுவி, வரைந்தது மட்டும் மேப்பாக நின்றது. வேடிக்கை என்னவென்றால் நம் 'படம்' என்ற சொல்லுக்கும் பழைய பொருள் துணி, சித்திரச் சீலை. பேகன் மயிலுக்குப் போர்த்திய படாம் அந்தக் குடும்பத்துச் சொல்தான். ஒன்றைப் பார்த்து ஒன்று செய்ததல்ல. இரண்டு ஊரிலும் துணியில்தான் வரைந்திருக்கிறார்கள், அவ்வளவுதான்.

மேப் என்றதும் 'வரைபடம்' என்று எழுதிவிடுகிறோம். வரைவதெல்லாம் படம்தான் என்பதால் அது கிராஃபுக்கும் போகிறது, வீட்டு பிளானுக்கும் போகிறது. நாட்டுக்கு, மாவட்டத்துக்கு நிலப்படம் நல்ல சொல். ஆனால் வயல் வயலாக எண் போட்டு, பக்கத்திலேயே பதிவேடும் வைத்த படத்துக்கு நம்மிடம் ஏற்கெனவே ஒரு சொல் புழக்கத்தில் இருக்கிறது. பட்டா எடுக்கப் போன யாருக்கும் தெரியும்: புலப்படம். சர்வே நம்பருக்குப் புல எண் என்கிறோமே, அதே புலம். ஆகவே டைத் மேப் என்பதை நான் தசமபாகப் புலப்படம் என்றே எழுதுவேன், கூட வருவதைப் பங்கீட்டுப் பதிவேடு என்று. இணையத்தில் தேடும்போது மட்டும் ஆங்கிலப் பெயரையே போடுங்கள். வேல்ஸ் தேசிய நூலகம் அந்நாட்டுப் படங்களைப் பதிவேட்டோடு இலவசமாகவே போட்டு வைத்திருக்கிறது.