என்ட்ரோபி என்றால் ‘ஒழுங்கின்மை’ அல்ல

தமிழில் பெயர்த்த இன்னொரு அறிவியல் கட்டுரையிலும் அதே வரி: “பிரபஞ்சத்தின் ஒழுங்கின்மை கூடிக்கொண்டே போகிறது.” வெப்ப இயற்பியலின் அடிப்படை அளவுகளில் ஒன்றான என்ட்ரோபி (entropy) வரவேண்டிய இடமெல்லாம் ‘ஒழுங்கின்மை’. எத்தனை முறைதான் இதைப் படிப்பது?

சொல்லின் பிறப்பு எளிது. மாற்றம், திருப்பம் எனப் பொருள்படும் ‘த்ரோப்பே’ என்ற கிரேக்கச் சொல்லிலிருந்து 1865இல் ஜெர்மானிய இயற்பியலாளர் ருடால்ஃப் கிளாசியஸ் ஆக்கியது. ‘எனர்ஜி’யோடு ஒலி ஒத்துப்போக வேண்டும் என்பது அவர் விருப்பம். ஒழுங்கு, குலைவு எதுவும் அந்த வேரில் இல்லை.

1877இல் ஆஸ்திரிய இயற்பியலாளர் போல்ட்ஸ்மான் காட்டிய வழி எண்ணிக்கையின் வழி. வெளியிலிருந்து ஒன்றாகத் தெரியும் ஒரு நிலையைத் துகள்கள் உள்ளே எத்தனை விதமாக அமைந்து உண்டாக்க முடியும்? அப்படி அமையும் ஒவ்வொரு விதமும் ஒரு நுண்நிலை. அந்த நுண்நிலைகளின் எண்ணிக்கைக்கு இயல் மடக்கை (natural logarithm) கண்டு, இன்று அவர் பெயரால் வழங்கும் மாறிலியால் பெருக்கினால் என்ட்ரோபி. ஒரு பெட்டியில் நான்கு துகள்கள். நான்கும் இடப்பாதியில் இருக்க ஒரே வழி; பாதிக்கு இரண்டாகப் பிரிந்திருக்க 6 வழிகள். முதல் நிலையிலிருந்து இரண்டாவதற்குப் போனால் என்ட்ரோபி மாற்றம், மாறிலி பெருக்கல் 6இன் மடக்கை. ஒரு மோல் நல்லியல்பு வாயு (ideal gas) வெப்பநிலை மாறாமல் இரு மடங்கு கொள்ளளவுக்கு விரிந்தால், ஒவ்வொரு துகளுக்கும் இடவாய்ப்பு இரட்டிக்கிறது. மாற்றம் கெல்வினுக்கு 5.76 ஜூல். இந்தக் கணக்கில் ஒழுங்கு எங்கே வந்தது?

மாணவருக்குப் புரியட்டும் என்றுதான் அப்படி எழுதுகிறோம் என்பார்கள். உடனே கலைந்து கிடக்கும் அறையைக் காட்டுவார்கள். சட்டை எங்கே கிடந்தால் அறை ஒழுங்கு என்பது பார்ப்பவர் தீர்ப்பு. நுண்நிலை எண்ணிக்கைக்கு யாருடைய தீர்ப்பும் தேவையில்லை. அதைவிடப் பெரிய கேடு, அந்தச் சொல் தவறான விடைக்கே இட்டுச்செல்லும் என்பது. ஒன்றையொன்று ஈர்க்காத கெட்டிக் கோளங்களை 1957இல் ஆல்டர், வெயின்ரைட் என்ற இரு ஆய்வாளர்கள் கணினியில் ஓடவிட்டார்கள். நெருக்கம் ஓர் அளவைத் தாண்டியதும் அவை படிகமாக அடுக்கிக்கொண்டன. அதனால் ஆற்றல் குறையவில்லை. காரணம் என்ட்ரோபி மட்டுமே. அவ்வளவு நெருக்கத்தில், அடுக்கில் நிற்கும் கோளத்துக்குத்தான் அசைய அதிக இடம். ஆகவே மொத்த அமைப்புகள் பெருகுகின்றன. இதை நம் மொழிபெயர்ப்பாளர் எப்படி எழுதுவார்? “ஒழுங்கின்மை கூடியதால் கோளங்கள் ஒழுங்காக அடுக்கிக்கொண்டன” என்றா?

என்ட்ரோபிக்குச் சிலர் எழுதும் ‘சிதறம்’ இதைவிட நல்ல ஆக்கம். வாயு விரிவுக்கு அழகாகப் பொருந்துகிறது. ஆனால் கார்பன் மோனாக்சைடு படிகத்தில் மூலக்கூறுகள் இடம்விட்டு நகர்வதில்லை. தலைமாறி நிற்க இரண்டு வாய்ப்பு இருப்பதாலேயே தனிச்சுழி வெப்பநிலையை (absolute zero) நெருங்கியும் என்ட்ரோபி எஞ்சுகிறது. அங்கே என்ன சிதறியது? இலங்கைப் பாடநூல்களின் ‘எந்திரப்பி’ ஒலிக்குத் தமிழ் உடை தருகிறது. ஆனால் படிப்பவருக்கு எந்திரம்தான் நினைவுக்கு வரும்.

என் முடிவு, என்ட்ரோபி என்றே எழுதுவது. எல்லா மொழிகளும் அப்படியே எடுத்துக்கொள்ளட்டும் என்றுதான் கிளாசியஸும் பழைய மொழியில் வேர் தேடினார். தமிழ் வேண்டாம் என்று சொல்லவில்லை. நுண்நிலை, மடக்கை, மாறிலி, படிகம் எல்லாம் பொருள் பிசகாத தமிழ். அவற்றைத் தயங்காமல் எழுதுங்கள். கலைச்சொல் பட்டியலில் என்ட்ரோபிக்கு எதிரே ஒரு விளக்கம் வேண்டுமானால், ‘நுண்நிலை எண்ணிக்கையின் மடக்கை அளவு’ என்று போடுங்கள்.