இம்ப்ரொவைசேஷன்: தயாரிப்பின்மை அன்று, உடனியற்றல்

பிரெஞ்சு ஜாஸ் பியானோ கலைஞர் மிஷேல் பெத்ருச்சியானியைப் பற்றிய தமிழாக்கம் ஒன்றில், அவர் ‘முன்தயாரிப்பின்றி வாசிப்பதில் வல்லவர்’ என்று எழுதியிருந்தார்கள். பல இடங்களில் பொறுத்துக்கொண்ட இந்தத் தொடரை அவர் பெயரோடு சேர்த்துப் பார்த்தபோது பொறுக்க முடியவில்லை.

வாசிக்கும் அந்த நொடியிலேயே இசையை இயற்றும் இம்ப்ரொவைசேஷனைத்தான் அந்தத் தொடர் அப்படிச் சொல்ல முயன்றது. அச்சொல்லின் இலத்தீன் வேருக்கு ‘முன்கூட்டிக் காணப்படாதது’ என்பது பொருள். இத்தாலியம், பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்தது. இதை ‘இம்ப்ரூவ்’ என மயங்கி ‘மேம்படுத்தல்’ என்று எழுதுவோரும் உண்டு. முன்கூட்டிக் காணப்படாதது பிறக்கப்போகும் இசையே. அதற்கான பயிற்சி அன்று.

1962இல் ஒரான்ஷ் நகரில், எலும்புகள் எளிதில் முறியும் பிறவிக் குறைபாட்டோடு பிறந்த பெத்ருச்சியானி, ஏறத்தாழ மூன்றடி உயரமே வளர்ந்தார். பிறர் தூக்கி வந்து இருக்கையில் அமர்த்துவார்கள். கால் எட்டாத பெடல்களை, அதற்கெனச் செய்த கருவியைக் கொண்டு மிதிப்பார். சிறுவயதில் ஆண்டுக்கணக்கில் மேற்கத்தியச் செவ்வியல் பியானோ பயின்றவர் அவர். 1980களின் தொடக்கத்தில், கலிஃபோர்னியாவின் பிக் சர் பகுதியில் ஒதுங்கி வாழ்ந்த சாக்ஸபோன் கலைஞர் சார்லஸ் லாயிட், இவர் வாசிப்பைக் கேட்டே மீண்டும் மேடையேறினார். இதையா தயாரிப்பின்மை என்பது?

ஜாஸில் 32 பார், அதாவது 32 தாளப் பகுதிகள், கொண்ட ஒரு பாட்டை எடுத்தால், அதன் மெட்டை ஒருமுறை வாசித்துவிட்டு, அடியில் ஓடும் கார்டுகளின் (சேர்ந்து ஒலிக்கும் சுரக்கூட்டுகளின்) வரிசை அப்படியே சுழல, அதன் மேல் அந்த நொடியில் புதிய மெட்டை இயற்றுவார்கள். இதற்கு நெருங்கிய உறவு நம் ஆசுகவிதான். கொடுத்த பொருளையும் பாவகையையும் ஏற்று அப்போதே பாடிய காளமேகத்தை, யாப்புப் பயிலாதவர் என்று யாரேனும் சொல்வார்களா? ஆனால் ‘ஆசு’ என்பதற்குக் குற்றம் என்ற பொருளும் இருப்பதால், ‘ஆசிசை’ என்று ஆக்கினால் குற்றமுள்ள இசை என்றாகிவிடும். பாடும்போதே கற்பனையால் இசையை விரிப்பதைக் குறிக்கும் ‘மனோதர்மம்’ கர்நாடக இசையில் நன்கு வேரூன்றிய சொல். வடசொல் என்பதற்காக அதைத் தள்ளவில்லை, ஆனால் அதைச் சொன்னதும் ராக ஆலாபனையும் நிரவலும் நினைவுக்கு வருவதால் ஜாஸுக்கு ஒட்டவில்லை.

‘உடனியற்றல்’ என்பதே என் தேர்வு. வேகமும் படைப்பும் அதில் இருக்கின்றன. பயிற்சியை அது மறுப்பதில்லை. இல்லாததைச் சொல்லி இருப்பதை விளக்கும் ‘இன்றி’, ‘அற்ற’ என்ற முடிவுகளை நம் மொழிபெயர்ப்பாளர்கள் எளிதில் கையில் எடுத்துவிடுகிறார்கள். 36 வயதில், 1999 ஜனவரி 6 அன்று மறைந்து, பாரிஸின் பெர் லஷேஸ் கல்லறைத் தோட்டத்தில் இசையமைப்பாளர் ஷோப்பனுக்கு அருகே துயிலும் அந்தக் கலைஞரைப் பற்றி இனி எழுதுவோராவது, அவர் உடனியற்றலில் வல்லவர் என்று எழுத வேண்டும்.