கண் ஆபரேஷனுக்கு முன் "பஸ்ஸில் வாந்தி வருமா?" என்று ஏன் கேட்கிறோம்?

கண் அறுவை சிகிச்சைக்கு வருபவர்களிடம் சர்க்கரை, ரத்த அழுத்தம், சாப்பிடும் மாத்திரைகள் எல்லாம் கேட்டுவிட்டு, "பஸ்ஸில் போனால் வாந்தி வருமா?" என்றும் கேட்பேன். பலருக்குச் சிரிப்பு வரும். பெரும்பாலும் கூட வந்த மகள்தான் பதில் சொல்வார்: "கொடைக்கானல் போனப்ப வழியெல்லாம் எடுத்தாங்க டாக்டர்."

மயக்க மருத்துவருக்கு அது முக்கியமான தகவல். முழு மயக்கத்துக்குப் பின் யாருக்கு வாந்தி வரும் என்று கணிக்க நான்கு விஷயங்களைப் பார்க்கிறோம்: பெண்ணா, புகைபிடிக்காதவரா, பயணத்திலோ முந்தைய மயக்கத்திலோ குமட்டல் இருந்ததா, பிறகு வலிக்கு மார்ஃபின் வகை மருந்து தேவைப்படுமா. ஒன்றுமே இல்லையென்றால் சுமார் பத்தில் ஒருவருக்கு வரலாம். நான்கும் இருந்தால் எட்டுப் பேருக்கு. (புகைபிடிப்பவர்களுக்குக் குறைவுதான். அதற்காக யாரும் பீடியைத் தொட வேண்டாம்.)

கண்ணில் இன்னொரு சிக்கல் உண்டு. கண்ணை அசைக்கும் தசையை இழுத்தால் அந்தச் செய்தி மூளைத்தண்டுக்குப் போய், வேகஸ் நரம்பு வழியாக இதயத் துடிப்பைச் சட்டென்று குறைக்கும். மானிட்டரில் கண்ணெதிரே தெரியும். குமட்டலையும் அதே இழுப்பு தூண்டுவதாகக் கருதுகிறோம். மாறுகண் திருத்தம், விழித்திரை விலகலுக்குப் பட்டை கட்டுவது போன்றவற்றில் தசையை இழுக்காமல் வேலை நடக்காது. கண்புரைக்கு இந்தத் தொல்லை குறைவு. பலருக்குச் சொட்டு மருந்திலேயே முடிந்துவிடும்.

கண்ணைச் சுற்றிப் போடும் மரத்துப்போகும் ஊசி அந்தச் செய்தியை வழியிலேயே நிறுத்துகிறது. வலியும் அடங்குவதால் மார்ஃபின் வகை மருந்தின் தேவை குறைகிறது. அசையாமல் மல்லாந்து படுக்க முடியாதவர்களுக்கு முழு மயக்கம்தான் வழி; அவர்களுக்கும் கூடவே இந்த ஊசியைப் போடலாம். "அதான் மயக்கம் கொடுக்கிறீங்களே, இது எதுக்கு?" என்பார்கள். கண் விழித்த பிறகு வரும் சில மணி நேரத்துக்காக. அப்போது வாந்தியெடுத்து முக்கினால் கண்ணுக்குள் அழுத்தம் ஏறும், புதுக் காயத்துக்கு ஆகாது, ரத்தக் கசிவும் வரலாம்.

ஊசியில் ஆபத்தே இல்லை என்று சொல்ல மாட்டேன். கண்ணுக்குப் பின்னால் ரத்தம் கசியலாம். மிக அரிதாக ஊசிமுனை கண்ணையே குத்திவிடலாம். கடும் கிட்டப்பார்வை உள்ளவர்களின் கண் நீளமானது என்பதால், முனை மழுங்கிய குழாயால் மருந்து செலுத்துவதையே விரும்புவேன். ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிட்டால் சொல்லிவிடுங்கள், நீங்களாக நிறுத்தாதீர்கள்.

வாந்தித் தடுப்புக்கு டெக்ஸாமெத்தசோனும் ஒண்டான்செட்ரானும் கொடுப்போம். முதலாவது சர்க்கரையை ஏற்றும். விழித்திரை ஆபரேஷனுக்கு வருபவர்களில் நீரிழிவுக்காரர்கள் நிறைய, அதனால் யோசித்தே கொடுக்க வேண்டியிருக்கிறது.

அப்புறம், வீட்டுக்குப் போனபின் வாந்தியோடு கடும் கண்வலி, தலைவலி, பார்வை மங்கல் இருந்தால் அதை மயக்க மருந்தின் மிச்சம் என்று நினைத்துவிடாதீர்கள். கண்ணின் அழுத்தம் ஏறினாலும் வாந்தி வரும். மாத்திரை போட்டுத் தூங்காமல், நடுராத்திரி ஆனாலும் ஆபரேஷன் செய்த மருத்துவமனைக்குப் போன் செய்யுங்கள்.