மனைவியின் சீனப் பிள்ளையைத் தென்னாப்பிரிக்காவுக்கு அழைத்துவர: எந்த விசா, என்னென்ன காகிதம்

டர்பனிலோ பீட்டர்மாரிட்ஸ்பர்க்கிலோ இருக்கும் தமிழர் ஒருவர் சீனப் பெண்ணை மணக்கிறார். அந்தப் பெண்ணுக்கு முதல் கல்யாணத்தில் பிறந்த பிள்ளை சீனாவில் பாட்டியிடம் வளர்கிறது. மனைவிக்கு விசா கிடைத்துவிட்டது, அதோடு பிள்ளைக்கும் கிடைத்துவிடும் என்று பலரும் நினைக்கிறார்கள். கிடைக்காது. மனைவியின் விசா வேறு பிரிவு, பிள்ளையின் விசா வேறு பிரிவு. இரண்டுக்கும் தனித்தனி விண்ணப்பம், தனித்தனிக் காகிதம்.

பிள்ளைக்கான வழி 2002ஆம் ஆண்டுக் குடிவரவுச் சட்டத்தின் 18ஆம் பிரிவு, அதாவது உறவினர் விசா. குடிமகன் அல்லது நிரந்தர வதிவிட உரிமை பெற்றவரின் 'நெருங்கிய குடும்பத்தார்' இதைக் கேட்கலாம். நெருங்கிய குடும்பம் எது என்பதைச் சட்டம் படிக்கணக்காகச் சொல்கிறது: இரண்டு படிக்குள் இருக்க வேண்டும், கல்யாணமும் ஒரு படியாக எண்ணப்படும். உங்களிலிருந்து மனைவிக்கு ஒரு படி, மனைவியிலிருந்து அவர் பிள்ளைக்கு இன்னொரு படி. ஆக, பிள்ளை சரியாக இரண்டாம் படியில் நிற்கிறது. தத்து எடுத்திருக்கத் தேவையில்லை. பிள்ளைக்கு 18 வயது தாண்டியிருந்தாலும் இந்தக் கணக்கு மாறாது.

இதிலிருந்தே அடுத்த விஷயம் புரிந்துவிடும். விண்ணப்பத்தில் பொறுப்பேற்பவர் நீங்கள், மனைவி அல்ல. மனைவி 11(6) பிரிவில் துணைவர் விசாவில் இருக்கும்வரை அவர் குடிமகளும் இல்லை, நிரந்தர வதிவாளரும் இல்லை. 'தாய்தானே, அவரே எழுதித் தரட்டும்' என்று மனைவியின் சம்பளச் சீட்டையும் கையெழுத்தையும் வைத்துக் கொடுத்தால் 18ஆம் பிரிவின் அடிப்படையே இல்லாமல் போய்விடும். பொறுப்பேற்பு உறுதிமொழி, பணச் சான்று, அடையாள அட்டை நகல் எல்லாம் மாற்றுத் தந்தையான உங்கள் பெயரில் இருக்க வேண்டும்.

பணச் சான்று ஒரு ஆளுக்கு மாதம் 8,500 ராண்ட். சம்பளச் சீட்டு அல்லது வங்கியின் முத்திரையிட்ட கணக்கறிக்கை, எதுவானாலும் மூன்று மாதத்துக்கு மேல் பழையதாக இருக்கக் கூடாது. விண்ணப்பத்துக்கு முந்திய வாரம் யாரோ ஒரு பெருந்தொகையைக் கணக்கில் போட்டிருந்தால் அதிகாரிக்குக் கேள்வி எழும். மாதாமாதம் வரும் வருமானம் தெரிவதே நல்லது.

நீங்கள் குடிமகனோ நிரந்தர வதிவாளரோ அல்லாமல், இந்தியாவிலிருந்து வேலை விசாவில் வந்தவராக இருந்தால் 18ஆம் பிரிவு உங்களுக்கு இல்லை. அப்போது மனைவியும் பிள்ளையும் உங்களோடு வரும் குடும்பத்தாராக 11ஆம் பிரிவின் வருகையாளர் விசா கேட்க வேண்டும். சீனக் காகிதங்களைப் பற்றிக் கீழே சொல்வது அதற்கும் பொருந்தும்.

முதலில் உங்கள் கல்யாணக் காகிதம்

இரண்டு படியில் முதல் படி கல்யாணம். கோயிலில் தாலி கட்டியதோடு நின்றுவிட்டால் ஹோம் அஃபேர்ஸ் (உள்துறை) கணக்கில் கல்யாணமே நடக்கவில்லை. கல்யாணத்தை நடத்தி வைத்த ஐயர் அரசு நியமித்த திருமண அதிகாரியாக இருந்து, பதிவேட்டில் கையெழுத்து வாங்கி அதை அலுவலகத்தில் சேர்த்திருக்க வேண்டும். அப்படி இல்லையென்றால் ஹோம் அஃபேர்ஸில் பதிவுக் கல்யாணம் செய்துகொள்ளுங்கள். மாப்பிள்ளை, பெண் இருவரில் ஒருவர் வெளிநாட்டவரானால் முன்கூட்டியே நேர்காணல் உண்டு. கல்யாணத்தன்று கையால் எழுதித் தரும் சீட்டு போதாது, முழு விவரச் சான்றிதழ் வாங்குங்கள். மக்கள்தொகைப் பதிவேட்டில் உங்கள் பெயருக்கு எதிரே 'மணமானவர்' என்று ஏறியிருக்கிறதா என்றும் கேட்டுப் பாருங்கள். காகிதம் கையில் இருந்தும் பதிவேட்டில் ஏறாமல் கிடப்பது உண்டு.

சீனாவில் மணந்திருந்தால் அங்கே கொடுத்த சிவப்புச் சிறு புத்தகத்தின் நகலை மட்டும் கொடுத்துப் பயனில்லை. அதற்கும் நோட்டரிச் சான்று வேண்டும்.

சீனத்து நோட்டரி வேலை

வேலை அதிகமும் சிக்கல் அதிகமும் இங்கேதான். சீனாவில் வெளிநாட்டுக்குப் போகும் எந்தக் குடும்பக் காகிதமும் அரசு நோட்டரி அலுவலகம் வழியாகப் போக வேண்டும். அங்கே மூலக் காகிதத்தைப் பார்த்து, 'இன்னாருக்கு இன்னார் பிள்ளை' என்று தனிச் சான்று எழுதி, ஆங்கில மொழிபெயர்ப்பையும் சேர்த்து ஒரே சிறு புத்தகமாகத் தைத்துத் தருவார்கள். எந்த நாட்டுக்கு என்று கேட்பார்கள், தென்னாப்பிரிக்கா என்று தெளிவாகச் சொல்ல வேண்டும்.

அதன்மேல் அப்போஸ்டில் முத்திரை, அதாவது ஒரு நாட்டு ஆவணத்தை ஒப்பந்தத்தில் உள்ள மற்ற நாடுகளும் ஏற்கச் செய்யும் சான்று. 2023 நவம்பர் 7 முதல் சீனப் பெருநிலத்தில் அப்போஸ்டில் ஒப்பந்தம் நடப்புக்கு வந்துவிட்டது. தென்னாப்பிரிக்கா முன்பே அதில் உண்டு. ஆகவே சீன வெளியுறவு அமைச்சகமோ மாகாண வெளிவிவகார அலுவலகமோ போடும் ஒரு முத்திரையே போதும். அதற்கு முன்பெல்லாம் அமைச்சகம் ஒரு முத்திரை, பின் தென்னாப்பிரிக்கத் தூதரகம் ஒரு முத்திரை என்று அலைய வேண்டியிருந்தது. இணையத்தில் கிடக்கும் பழைய குறிப்புகள் இன்னும் அதையே சொல்லும், நம்பிவிட வேண்டாம். ஹாங்காங், மக்காவ் காகிதங்களுக்கு அப்போஸ்டில் முன்பே உண்டு. தைவான் இந்த ஒப்பந்தத்தில் இல்லை.

தைத்த புத்தகத்தைப் பிரிக்காதீர்கள். நகல் எடுக்க வசதியாக இருக்கட்டும் என்று பின்னைக் கழற்றினால் முத்திரை கெட்டதாகக் கருதப்படும், மறுபடி முதலிலிருந்து வர வேண்டும். கேட்கும்போதே இரண்டு மூன்று பிரதி வாங்கிவிடுங்கள். நிரந்தர வதிவிடத்துக்கு இதே காகிதம் மறுபடி தேவைப்படும்.

பிள்ளைக்கு வேண்டியவை: பிறப்புக்கான நோட்டரிச் சான்று (தாய், தந்தை இருவர் பெயரும் இருக்க வேண்டும்), தாயின் விவாகரத்துச் சான்று, பிள்ளை யார் பொறுப்பில் என்பதற்கான காகிதம், தந்தையின் சம்மதம். பிறப்புச் சான்றுக்கு மூலம் மருத்துவமனை தந்த பிறப்பு மருத்துவச் சான்றிதழ். நாடு முழுக்க ஒரே வடிவில் அது வந்தது 1996இல்தான். அதற்கு முன் பிறந்த பிள்ளைகளுக்குக் குடும்பப் பதிவேடான ஹூகோவையும் பிற பழைய ஆவணங்களையும் வைத்து நோட்டரி எழுதித் தருவார்.

எழுத்துக்கூட்டலைக் கவனியுங்கள். சீன மொழிபெயர்ப்பாளர் பெயரை ஒரு விதமாக எழுத, கடவுச்சீட்டில் வேறு விதமாக இருக்கும். 'ல்யூ' (Lü) ஒலியுள்ள சில குடும்பப் பெயர்களைப் புதிய கடவுச்சீட்டுகளில் எல்-ஒய்-யு என்று எழுதுகிறார்கள், பழைய காகிதங்களில் எல்-வி என்றோ எல்-யு என்றோ கிடக்கும். நோட்டரியிடம் போகும்போது தாய், பிள்ளை இருவரின் கடவுச்சீட்டு நகலையும் கொடுத்து, 'இதில் உள்ளபடியே எழுதுங்கள்' என்று சொல்வதுதான் வழி. பிள்ளையின் குடும்பப் பெயர் தந்தையினுடையது, தாயின் பெயர் வேறு, உங்கள் பெயர் வேறு என்பது சீனக் குடும்பத்தில் இயல்பு. அது பிழையில்லை, விளக்கக் கடிதத்தில் ஒரு வரி போதும்.

விவாகரத்து இரண்டு வகை. சிவில் அலுவலகத்தில் இருவரும் ஒத்துக்கொண்டு பிரிந்திருந்தால் கையில் இருப்பது விவாகரத்துச் சான்றிதழ். அதில் பிள்ளை யாரிடம் என்று ஒரு சொல்லும் இருக்காது! அந்த விவரம் அலுவலகத்தில் தாக்கல் செய்த விவாகரத்து உடன்படிக்கையில்தான் இருக்கும். அதன் முத்திரையிட்ட நகலை அதே அலுவலகத்தின் ஆவணப் பிரிவில் வாங்கி நோட்டரி செய்ய வேண்டும். நீதிமன்றம் வழியே பிரிந்திருந்தால் தீர்ப்போடு, அது நடைமுறைக்கு வந்துவிட்டது என்று அதே நீதிமன்றம் தரும் சான்றும் வேண்டும். தீர்ப்பை மட்டும் கொடுத்தால் மேல்முறையீடு நிலுவையில் இருக்கிறதா என்ற கேள்வி எழும்.

தந்தையின் சம்மதம்

'பிள்ளை தாயிடம்' என்று தீர்ப்பே இருக்கிறதே, பிறகு தந்தை எதற்கு? சீனச் சிவில் சட்டத் தொகுப்பின்படி விவாகரத்துக்குப் பின்னும் தாய், தந்தை இருவரும் பிள்ளையின் பாதுகாவலர்களே. யாரிடம் வளர்கிறது என்பது வேறு, பாதுகாவலர் யார் என்பது வேறு. தென்னாப்பிரிக்காவும் பெற்றோர் இருவரின் ஒப்புதலையோ, ஒருவருக்கே முழுப் பொறுப்பும் தந்த நீதிமன்ற ஆணையையோ கேட்கிறது. பெற்றோர் மணக்காமலே பிறந்த பிள்ளையானாலும் பிறப்புச் சான்றில் தந்தை பெயர் இருந்தால் இதே கதைதான்.

சம்மதக் கடிதத்தைத் தந்தை நோட்டரி முன் நேரில் போய்க் கையெழுத்திட வேண்டும். அதில் என்ன எழுதுகிறார் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. 'பிள்ளை தென்னாப்பிரிக்கா செல்லச் சம்மதிக்கிறேன்' என்ற ஒரு வரி சுற்றுலாவுக்குப் போதும், குடியேற்றத்துக்குப் போதாது. இவை வர வேண்டும்: பிள்ளையின் கடவுச்சீட்டு எண், தாயின் பெயரும் மாற்றுத் தந்தையின் பெயரும், அவர்களோடு நீண்ட காலம் தங்கவும் பள்ளியில் படிக்கவும் சம்மதம், தற்காலிக விசா, அதன் புதுப்பிப்பு, நிரந்தர வதிவிடம் மூன்றுக்கும் விண்ணப்பிக்கச் சம்மதம், தாயோடோ மாற்றுத் தந்தையோடு மட்டுமோ நாட்டுக்குள் வர, வெளியே போகச் சம்மதம், சீனக் கடவுச்சீட்டைப் புதுப்பிக்கச் சம்மதம். கடைசி வரியைப் பலர் விட்டுவிடுகிறார்கள். 16 வயதுக்குட்பட்ட பிள்ளைக்குச் சீனக் கடவுச்சீட்டு ஐந்து ஆண்டுதான் செல்லும். டர்பனில் சீனத் துணைத் தூதரகம் இருந்தாலும், தந்தையை மறுபடி தேடிப்போகும் நிலை வரக் கூடாது.

முன்னாள் கணவரிடம் இதைக் கேட்பது சங்கடமான காரியம். விவாகரத்து உடன்படிக்கை எழுதும்போதே இந்தச் சம்மதத்தையும் ஒரு பிரிவாகச் சேர்த்துக்கொள்வது எல்லாவற்றையும்விட எளிது. அது கைதவறிப் போனவர்கள், விசா வேலை தொடங்கும் முன்பே சம்மதத்தை வாங்கிவிட வேண்டும். மருத்துவச் சான்றெல்லாம் ஆறு மாதத்தில் காலாவதியாகும். தந்தையின் கையெழுத்துக்குக் காத்திருந்து அவற்றை இரண்டாம் முறை எடுப்பது வீண் செலவு.

தந்தை இறந்திருந்தால் இறப்புக்கான நோட்டரிச் சான்று போதும். இருக்கும் இடமே தெரியவில்லையென்றால், இரண்டு ஆண்டு தகவல் இல்லாதவரைக் 'காணாமற்போனவர்' என்று அறிவிக்கச் சீன நீதிமன்றத்தைக் கேட்கலாம். கையெழுத்துப் போட மாட்டேன் என்று மறுப்பவரிடம் அது செல்லாது, பொறுப்பை மாற்றக் கோரி வழக்குத்தான் வழி.

விண்ணப்பம்

படிவம் டிஹெச்ஏ-1738. சீனாவில் விசா விண்ணப்பங்களை வாங்கும் விஎஃப்எஸ் மையம் வழியாகக் கொடுப்பது, பிள்ளை நேரில் வர வேண்டும். மருத்துவ அறிக்கை எல்லாருக்கும், மார்பு எக்ஸ்ரே அறிக்கை 12 வயது நிறைந்தவர்களுக்கு. 18 தாண்டியவர்களுக்குக் காவல்துறை நற்சான்று, அதுவும் நோட்டரி வழியாகவே. இவற்றோடு உங்கள் பக்கத்துக் காகிதங்களும்.

சுற்றுலா விசாவில் அழைத்துவந்து இங்கே மாற்றிக்கொள்ளலாமா என்று கேட்பவர்கள் நிறைய. 2019இல் நந்துட்டு வழக்கில் அரசியலமைப்பு நீதிமன்றம், குடிமகன் அல்லது நிரந்தர வதிவாளரின் துணைவரும் பிள்ளையும் வருகையாளர் விசாவிலிருந்து உள்நாட்டிலேயே மாற வழி திறந்தது. மனைவிக்கு அது உதவும். மனைவியின் பிள்ளையை 'உங்கள் பிள்ளை' என்று கவுன்ட்டரில் ஏற்பார்களா என்பதில் ஒரு குழந்தையின் பள்ளி ஆண்டைப் பணயம் வைப்பது சரியாகப் படவில்லை. சீனாவிலிருந்தே கொடுங்கள்.

உறவினர் விசா ஒரு தடவைக்கு அதிகபட்சம் 24 மாதம். அதில் வேலை செய்யக் கூடாது. மூன்று மாதத்துக்கு மேல் படிப்பதற்கென்று 13ஆம் பிரிவின் படிப்பு விசா தனியாக இருக்கிறது, தனியார் பள்ளிகள் அதைக் கேட்கும். காகிதம் இல்லை என்பதற்காக அரசுப் பள்ளி ஒரு பிள்ளையைத் திருப்பி அனுப்பக் கூடாது என்று மக்காண்டா உயர் நீதிமன்றம் 2019 டிசம்பரில் தீர்ப்பளித்தது. ஆனால் அது பள்ளி வாசலுக்கு மட்டும், விசாவுக்கு அல்ல. இங்கே பள்ளி ஆண்டு ஜனவரியில் தொடங்குகிறது, சீனாவில் செப்டம்பரில்.

நிரந்தர வதிவிடமும் பிள்ளையின் வயதும்

கல்யாணமாகி ஐந்து ஆண்டு ஆனதும் மனைவி 26(பி) பிரிவில் நிரந்தர வதிவிடம் கேட்கலாம், தகுதி வந்த மூன்று மாதத்துக்குள் கேட்கவும் வேண்டும். அவருக்கு அது கிடைத்த பிறகு பிள்ளை, நிரந்தர வதிவாளரின் 21 வயதுக்குட்பட்ட பிள்ளையாக 26(சி) பிரிவில் நுழைகிறது. அந்த அனுமதியை வயது வந்தபின் இரண்டு ஆண்டுக்குள் உறுதிப்படுத்த விண்ணப்பிக்காவிட்டால் அது இல்லாமல் போகும். அனுமதிக் கடிதத்தில் உள்ள நிபந்தனையை வரிவிடாமல் படியுங்கள்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். கல்யாணத்தின்போது பிள்ளைக்கு 8 வயது என்றால் கவலையில்லை. 15 என்றால் தாய் விண்ணப்பிக்கவே பிள்ளைக்கு 20 ஆகிவிடும், முடிவு வர மாதக்கணக்கிலும் ஆண்டுக்கணக்கிலும் ஆகும். 21 தாண்டிவிட்டால் 27(ஜி) பிரிவு இருக்கிறது: குடிமகன் அல்லது நிரந்தர வதிவாளரின் முதல் படி உறவினருக்கானது, வயது வரம்பில்லை. உங்களோடு பிள்ளைக்கு உறவு இரண்டாம் படி, ஆகவே உங்கள் பெயரில் இது நடக்காது. தாயோடு உறவு முதல் படி. எனவே இந்த விண்ணப்பத்தில் தாய்தான் பொறுப்பேற்பவர். முதல் விசாவுக்கு நேர் எதிர்.

தத்து எடுப்பது இன்னொரு வழி. 2005ஆம் ஆண்டுக் குழந்தைகள் சட்டப்படி பெற்றவரின் துணைவர் தத்து எடுக்கலாம். தந்தையின் சம்மதம் வேண்டும், பிள்ளைக்கு 10 வயது ஆகியிருந்தால் பிள்ளையின் சம்மதமும் வேண்டும். குடிமகன் ஒருவர் இப்படி எடுத்துப் பிறப்பையும் இங்கே பதிந்தால் பிள்ளை வம்சாவளிக் குடியுரிமை பெறும். சீனா இரட்டைக் குடியுரிமையை ஏற்பதில்லை என்பதால் பிள்ளையின் சீனக் குடியுரிமையும் ஹூகோவும் கேள்விக்குள்ளாகும். பாட்டி வீடு, சொத்து, அங்கே திரும்பிப் படிக்கும் எண்ணம் எதுவும் இருந்தால் அவசரப்பட வேண்டாம்.

விசா முடியும் நாளுக்கு 60 நாள் முன்பே புதுப்பிக்கக் கொடுத்துவிட வேண்டும். நாள் தவறி 30 நாளுக்கு மேல் தங்கிவிட்டு வெளியேறினால் ஐந்து ஆண்டுத் தடை வரலாம். விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டால் மறு ஆய்வு கேட்க 10 வேலை நாள். கடிதத்தைக் கையில் வாங்கிய தேதியை உறையின்மேலேயே எழுதி வையுங்கள், நாள் கணக்கு அதிலிருந்துதான்.